லாட்ஜுன்னா டவுன்ஹால் ரோடு லாட்ஜா?

போன இதழ்ல சொகுசு ரிசார்ட் பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு நாலு வரி போட்டோம், இவ்வளவு வரும்னு நினைக்கல. மதுரையில டிராவல்ஸ் ஆபீஸ்ல 22 வருஷம் டிக்கெட்டும் ரூமும் போட்டுக் குடுத்தவன்ங்கிற ஒரே தகுதியில தான் பதில் சொல்றேன். நான் ஒண்ணும் கோடீஸ்வரன் இல்ல, தங்குன இடத்துல பாதி ஏஜென்ட்டுக்குக் குடுக்கிற கன்செஷன் ரேட்டு, அதையும் முதல்லயே சொல்லிர்றேன்.

கேள்வி: அண்ணே, மக கல்யாண நாளுக்கு மாப்பிள்ளை ஏதோ காட்டு ‘லாட்ஜ்’ புக் பண்ணிருக்காராம், ஒரு ராத்திரிக்கு 38,000 ரூவாயாம். நம்மூர்ல லாட்ஜுன்னா டவுன்ஹால் ரோட்டுலயும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலயும் ஆயிரம் ரூவாய்க்கு ரூமு, பக்கெட்டு, மக்கு, கொசுவத்திச் சுருள் எல்லாம் சேத்துத் தர்றாய்ங்க. பயல ஏமாத்திட்டாய்ங்களா? — ஜவுளிக்கடைக்காரர், விளக்குத்தூண்

பதில்: ஏமாத்தலைங்க அண்ணாச்சி, பேரு ஒண்ணு, ஆளு வேற. வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போறப்ப தங்குற வீட்டுக்கு லாட்ஜுன்னு பேரு, வேட்டை போச்சு, பேரு மட்டும் காட்டு ஓரத்துல கட்டுற சொகுசு விடுதிக்கு ஒட்டிக்கிச்சு. நேபாளத்துல சித்வன் காட்டுல 1960-கள்ல டைகர் டாப்ஸ்னு ஆரம்பிச்சாங்க, புலி பாக்க எங்கெங்கயோ இருந்து ஆளு வந்து எறங்குச்சு, ஆனா 2012-ல நேஷனல் பார்க்குக்குள்ள இருந்த லாட்ஜையெல்லாம் மூட வச்சுட்டாங்க, இப்ப எல்லாம் பார்க்குக்கு வெளிய தான். நம்ம பக்கத்துல கர்நாடகா அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் கபினியில நடத்துறதும் மைசூர் மகாராஜா வேட்டைக்கு வந்தா தங்குன இடம் தான்.

மாப்பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அந்த 38,000-ல என்னென்ன அடக்கம்னு. காட்டு லாட்ஜுல பெரும்பாலும் ரூம் மட்டும் விக்க மாட்டாங்க, மூணு வேளை சாப்பாடு, காலையில ஒரு சஃபாரி, சாயங்காலம் ஒரு சஃபாரி, கூட வர்ற கைடு எல்லாம் சேத்து தான் ரேட்டு. அப்படி இருந்தா ரெண்டு பேருக்கு அந்தக் காசு அநியாயம் இல்ல. சஃபாரி தனி, சாப்பாடு தனின்னா கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்க. அப்புறம் எந்தக் காடு, எந்த மாசம்னும் கேளுங்க, மத்தியப் பிரதேசம் பக்கமெல்லாம் ஜூலையில இருந்து செப்டம்பர் முடிய புலிக்காட்டோட உள்பகுதிய மூடிருவாங்க, அந்த மூணு மாசத்துல லாட்ஜு ரேட்ட பாதியாக் குறைச்சு விளம்பரம் வரும், போயி மழையப் பாத்துட்டு வரலாம்.

எனக்குக் கேட்டா தேக்கடிக்கே அனுப்புவேன். உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியா சுமாரா 140 கிலோமீட்டர். ஏரிக்குள்ள கேரளா அரசோட கேடிடிசி நடத்துற லேக் பேலஸ் இருக்கு, திருவிதாங்கூர் மகாராஜாவோட பழைய அரண்மனை, மொத்தமே ஆறு ரூம், படகுல தான் போகணும். ராத்திரி வெளிச்சம் இல்லாம ஏரிய பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, அந்த ஏரி 1895-ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச அணையில தேங்குற தண்ணி, அந்தத் தண்ணி தான் நம்ம பக்கம் வயலுக்கு வருது. கட்டணம் கட்டி நம்ம தண்ணியவே பாக்குறதான்னு கேட்டா, ஆமா, அதுக்கும் தான்.

கேள்வி: டிசம்பர்ல கல்யாணம், ஹனிமூனுக்கு மாலத்தீவு. வெப்சைட்ல ரூம் 400 டாலர்னு போட்டிருக்கு, நாலு ராத்திரிக்கு 1,600 டாலர் எடுத்து வச்சா போதும்ல? — ஐடி வேலை பாக்குற தம்பி, திருநகர்

பதில்: பத்தாது தம்பி. ரேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருக்கான்னு நல்லா உத்துப் பாருங்க, சின்ன எழுத்துல இருக்கும். முத ப்ளஸ் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ரெண்டாவது ப்ளஸ் டூரிசம் ஜிஎஸ்டி, அது 2025 ஜூலையில இருந்து 17 சதவீதம், அதையும் சர்வீஸ் சார்ஜ் சேத்த தொகை மேல தான் போடுவாய்ங்க. 400 போய் 440 ஆகும், 440 போய் 514 டாலர் 80 சென்ட் ஆகும். அதுக்கு மேல கிரீன் டாக்ஸ், ரிசார்ட்டுல தலைக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. ஆக 400 டாலர் ரூம் உண்மையில சுமார் 539 டாலர், நாலு ராத்திரிக்கு 2,155. இன்னும் ஒரு வாய் சாப்பிடல, அதுக்குள்ள 555 டாலர் கூடிருச்சு.

சாப்பாடு தான் அங்க பெரிய செலவு. ஒரு தீவு ஒரு ரிசார்ட்டுங்கிறது அவங்க கணக்கு, 1972-ல குரும்பான்னு முதல் ரிசார்ட் வந்ததுல இருந்து அப்படித் தான், பக்கத்துத் தெருவுல புரோட்டா கடை இருக்கும் போய் சாப்பிட்டுக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, சுத்தியும் கடல். அதனால குறைஞ்சது காலை, ராத்திரி ரெண்டு வேளை சேந்த ரேட்டா எடுங்க.

அடுத்தது சீப்ளேன், தண்ணி மேலேயே ஏறி எறங்குற குட்டி பிளைட்டு. தூரத்துத் தீவுன்னா அதுல தான் போகணும், போக வர ஆளுக்கு 400 டாலருக்கு மேல வர்ற இடம் நிறைய, அது பகல்ல மட்டும் தான் ஓடும். இதுல நான் அடிபட்டவன். ஒரு தடவ நாலு குடும்பத்தக் கூட்டிட்டுப் போனேன், எங்க பிளைட்டு மாலேயில எறங்குறப்ப பொழுது சாஞ்சிருச்சு, கடைசி சீப்ளேன் போயிருச்சு. ரிசார்ட்டுக்குப் போன் போட்டா ‘உங்க ரூம் ரெடியா இருக்கு சார்’ங்கிறாய்ங்க, ரெடியா இருந்து என்ன பண்ண, நாங்க ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல படுத்தோம், ரெண்டு எடத்துக்கும் வாடகை, அதுல ஒரு மாமா என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சரியாப் பேசுறது இல்ல. நீங்க மத்தியானம் மூணரைக்குள்ள மாலே போய்ச் சேர்ற மாதிரி டிக்கெட் போடுங்க, இல்லைன்னா ஸ்பீட்போட்டுல போற கிட்டத்துத் தீவா எடுங்க.

இன்னொண்ணு, இத நிறையப் பேரு சொல்ல மாட்டாங்க. கும்பிடுற சாமி சிலைய மாலத்தீவுக்குள்ள கொண்டு போகக் கூடாது, கஸ்டம்ஸ்ல எடுத்து வச்சிக்கிருவாங்க. சரக்கு பாட்டிலும் அதே கதை தான். அம்மா பெட்டிக்குள்ள குட்டி மீனாட்சி விக்கிரகம் வச்சு விட்ருவாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி பெட்டியத் தொறந்து பாத்துக்கங்க. விசா போனதும் தர்றாங்க, காசு கெடையாது, ஆனா போறதுக்கு முன்னாடி நாலு நாளுக்குள்ள இமுகான்னு ஒரு ஆன்லைன் ஃபாரம் போடணும். பட்ஜெட்டு இடிக்குதுன்னா மாஃபுஷி மாதிரி ஊர்க்காரங்க இருக்கிற தீவுல கெஸ்ட் ஹவுஸ் பாருங்க, அதே கடல் தான்.

கேள்வி: மார்ச்ல பாலி போறோம், ஏதாவது கவனிக்கணுமா? — இல்லத்தரசி, அண்ணாநகர்

பதில்: நியெப்பி எந்தத் தேதின்னு முதல்ல பாருங்கம்மா. அது அவங்க வருஷப் பிறப்பு, நம்ம பக்கம் யுகாதி வர்றதை ஒட்டி வரும். அன்னைக்குக் காலையில ஆறு மணில இருந்து மறுநாள் ஆறு வரைக்கும் தீவே அடங்கிரும், ஏர்போர்ட்டையும் மூடிருவாங்க, ரோட்டுல யாரும் நடக்கக் கூடாது, நீங்க ரிசார்ட்டு வாசலத் தாண்ட முடியாது, ராத்திரி விளக்கக் கூட அடக்கித் தான் வைப்பாங்க. முந்தின நாள் சாயங்காலம் ஒகோ ஒகோன்னு பூதப் பொம்மை ஊர்வலம் வரும், அதப் பாத்துட்டு மறுநாள் பூரா சும்மா இருந்தா நல்ல அனுபவம். தெரியாம அன்னைக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்றாதீங்க, அவ்வளவு தான். பாலிக்குள்ள வர்றதுக்குத் தனியா ஆளுக்கு 1,50,000 ரூப்பியா வரி இருக்கு, பயந்துறாதீங்க, அது நம்ம காசுல ஆயிரத்துக்குள்ள தான்.

கேள்வி: வெளிநாடெல்லாம் தாங்காது. மதுரையில இருந்துக்கிட்டே ஒரு உருப்படியான ரிசார்ட் அனுபவம் கிடைக்குமா, இல்ல ரொம்பக் கிட்டத்துல ஒரு நாடு? — பள்ளிக்கூட வாத்தியார், சோழவந்தான்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத் தான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க மதுரைக்கு வர்ற வழியில கோச்சடை வருதுல்ல, அங்க ஹெரிட்டன்ஸ் ஹோட்டல் இருக்கே, அது முன்னாடி மதுரா கிளப். அத 1970-கள்ல வடிவமைச்சது ஜெஃப்ரி பாவா, இலங்கைக்காரரு, ஆசியாவுல இன்னைக்கு ரிசார்ட்டுன்னா திறந்த தாழ்வாரம், நடுவுல மரம், தண்ணி, ஓட்டுக் கூரைன்னு நமக்குக் கண்ணுல வருதே, அந்த மாதிரிக்கு வழி போட்டவர்ல முக்கியமான ஆளு. பாலிக்கும் தாய்லாந்துக்கும் போயி போட்டோ எடுக்கிறவங்க அவரு கட்டுனது நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்குன்னு தெரியாமலே பஸ்ல தாண்டிப் போறாங்க. ஒரு ராத்திரி தங்க முடியலைன்னாலும் ஒரு காபி குடிக்கப் போங்க, காபிக்கு விலை கூட தான், சொல்லிட்டேன்.

பசுமலை மேல இருக்கிற ஹோட்டல் வேற மாதிரி, அது மில்லு காலத்து வெள்ளைக்கார பங்களா, மேல இருந்து பாத்தா ஊரு தெரியும், மயிலு நடக்கும். ரெண்டையும் ஒப்பிடச் சொன்னா நான் பழைய ஆளு, பசுமலைக்குப் போயி சாயங்காலம் உக்காந்துருவேன், ஆனா கட்டடம்னு பாத்தா கோச்சடை தான். ரூம் வாடகை 7,500-ஐத் தாண்டுனா 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்குள்ள இருந்தா 5 தான், அதனால 7,600-னு சொன்னா 7,500-க்குக் கேட்டுப் பாருங்க, வெக்கப்படாதீங்க.

கோச்சடை புடிச்சிருச்சுன்னா அடுத்து கண்டலமாவுக்குப் போங்க. மதுரையில இருந்து நேரா கொழும்புக்கு பிளைட்டு இருக்கு, ஏறி உக்காந்து தண்ணி குடிக்கிறதுக்குள்ள எறங்கச் சொல்லிருவாங்க. கொழும்புல இருந்து தம்புள்ள பக்கம் கார்ல நாலு மணி நேரம். அதே பாவா 1994-ல கட்டுன ஹோட்டல், பாறையோட ஓரமா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் போகுது, தூண் மேல தூக்கி நிறுத்தி வச்சிருக்கிறதால மழைத்தண்ணி அடியில தன் போக்குல ஓடி குளத்துக்குப் போகும். கட்டுறப்ப பிக்குகளும் சுற்றுச்சூழல்காரங்களும் பயங்கரமா எதிர்த்தாங்க, இப்ப தூரத்துல இருந்து பாத்தா ஹோட்டல் இருக்கிறதே தெரியாது, செடி கொடி மூடிருச்சு. எதுக்க குளம், அதுக்கு அங்கிட்டு சிகிரியா பாறை. பால்கனிக் கதவ மட்டும் சாத்தி வைங்க, கொரங்கு அழகர்கோவில் கொரங்குக்கு அண்ணன்.

அங்கிருந்து மலைநாட்டுக்கு ஏறுனா கந்தப்பொலையில பழைய ஹெதர்செட் டீ ஃபேக்டரிய ஹோட்டலாக்கி வச்சிருக்காங்க, காசில்ரீ பக்கம் தொரைமார் பங்களாவையெல்லாம் சொகுசு விடுதியா மாத்திருக்காங்க. அந்தத் தேயிலைய நட்டது மதுரை, ராமநாதபுரம், திருச்சி பக்கத்துல இருந்து கூட்டிட்டுப் போன நம்ம சனம், அவங்க பேரப்பிள்ளைக தான் இன்னைக்கும் கொழுந்து எடுக்குதுக, தமிழ்ல பேசுனா மொகம் மலர்ந்து பேசுவாங்க. பங்களாவுல டீ குடிச்சா மட்டும் போதாது, கீழ தோட்டத் தொழிலாளிக குடியிருக்கிற லயத்துப் பக்கமும் ஒரு நடை போயிட்டு வாங்கய்யா.

கேள்வி: மகன் டோக்கியோவுல இருக்கான், ரியோகான்ல தங்க வைக்கிறேன்னு கூப்பிடுறான். நாங்க சுத்த சைவம், மூட்டு வலி வேற. — ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, எஸ்.எஸ்.காலனி

பதில்: சார், ரியோகான்னா ஜப்பான்காரங்களோட பழைய பாணி விடுதி, அங்க ரேட்டு ரூமுக்கு இல்ல, ஆளுக்கு. ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேந்தது. அந்தச் சாப்பாடு தான் உங்களுக்குப் பிரச்சனை, காய்கறிக் குழம்புன்னு கொண்டாந்து வைப்பாங்க, அடியில டாஷின்னு ஒரு ரசம், அது கருவாட்டுச் சீவல்ல எடுக்கிறது, அவங்களப் பொறுத்தவரைக்கும் அது மீனே இல்ல. மகன்கிட்ட ‘டாஷியும் வேண்டாம்’னு புக் பண்றப்பவே ஜப்பான் மொழியில எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போயி எறங்கிச் சொன்னா ஒண்ணும் நடக்காது. அதவிட நல்லது கோயாசான் மலையில கோயில்ல தங்குறது, 9-ம் நூற்றாண்டுல குக்காய் சாமியார் ஆரம்பிச்ச இடம், பிக்கு சாப்பாடு, மீனும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது, நம்ம விரதச் சாப்பாடு மாதிரி. தரையில மெத்தை போட்டுத் தான் படுக்கணும், மூட்டுக்கு ஆகாதுன்னா கட்டில் இருக்கிற ரூமான்னு கேட்டு எடுங்க. அங்க குடுக்கிற யுகாத்தாங்கிற பருத்தி அங்கிய உடுத்துறப்ப இடப்பக்கம் மேல வரணும், வலப்பக்கம் மேல வந்தா அது பொணத்துக்குக் கட்டுற முறை, பாத்துக்கங்க.

கேள்வி: பூட்டானுக்கு பாஸ்போர்ட் இல்லாம போகலாமாமே? — மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: போகலாம்பா, வாக்காளர் அட்டை போதும். ஆனா நம்மாளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூவா வரி, ரூம் வாடகை தனி. அங்க இருக்கிற பெரிய லாட்ஜுகள் அஞ்சு பள்ளத்தாக்குல அஞ்சு இடமாப் பிரிஞ்சு இருக்கும், ஒண்ணுல ரெண்டு நாளுன்னு சுத்துறது, அது உங்க அப்பா காசுல வேண்டாம், சம்பாதிச்சு போங்க.

கேள்வி: மூணு நாள் ரிசார்ட் போனோம், வீட்டுக்காரரு முத நாளே ‘இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு’ன்னு கார் எடுத்துட்டு நாலு கோயில், ரெண்டு அருவின்னு எங்கள இழுத்து அலைய விட்டுட்டாரு. யாரு மேல தப்பு? — செல்லூர் வாசகி

பதில்: அவரு மேல தான். இருவதாயிரம் குடுத்து ரூம் எடுத்து எட்டு மணி நேரம் கார்ல இருந்தா, அந்த வாடகை உங்க பெட்டி தங்குறதுக்குக் குடுத்தது. ஊரு சுத்தணும்னா சுத்தமான சின்ன ரூமு போதும், மிச்சக் காச டீசலுக்குப் போடலாம். ரிசார்ட்டுன்னா மதியம் தூங்கி, எந்திரிச்சு, திரும்பத் தூங்குறது தான் புரோகிராம். அடுத்த தடவ கார் சாவிய நீங்க வாங்கி வச்சிக்கங்கம்மா.

கேள்வி: ரூம்ல இருக்கிற ஷாம்பு, சோப்பு எடுத்துட்டு வரலாமா? — பேரு போட வேண்டாம்

பதில்: சின்ன பாட்டில்னா தாராளமா, அது உங்களுக்கு வச்சது தான். ஆனா இப்ப நிறைய எடத்துல பிளாஸ்டிக்கக் குறைக்கிறோம்னு பெரிய பாட்டில சுவத்துல பூட்டி வச்சிட்டாய்ங்க. குளிச்சிட்டுப் போடுற அங்கி, தண்ணி காய வைக்கிற கெட்டில், ஹேங்கர் இதெல்லாம் கூடாது, செக்-இன் பண்றப்ப கார்டுல ஒரு தொகையப் பிடிச்சு வைப்பாங்கள்ல, அதுல கழிச்சிருவாங்க. செருப்பு எடுத்துக்கலாம்.