ஆன்லைன் டியூட்டரிங்குக்கு மாணவர்கள் வராவிட்டால்

வணக்கம் நண்பரே. கலிபோர்னியாவில் உங்கள் கம்யூனிட்டி கல்லூரியில் கணக்குக்கு ஆன்லைன் டியூட்டரிங் தொடங்கி ஒரு மாதமாகியும் நாலைந்து பேர்தான் வருகிறார்கள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாணவர்களை அடிப்படை வகுப்புக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தி 2017இல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் அடிப்படை வகுப்பு படிக்காமல் நேரே பட்டப்படிப்புக் கணக்கில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இந்த உதவி கட்டாயம் வேண்டும்.

காலை 10 முதல் மாலை 5 வரை என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். அந்த நேரத்தில் உங்கள் மாணவர்களில் பலர் வேலையில் இருப்பார்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு 9 மணிக்குத்தான் புத்தகத்தையே திறப்பார்கள். இரவு 8 முதல் 11 வரை 2 டியூட்டர்களைப் போடுங்கள், பகலுக்கு ஒருவர் போதும்.

அப்புறம், டியூட்டரிங் இணைப்பைக் கேன்வாஸில் (வீட்டுப்பாடங்களைப் போடும் இணையதளம்) ஒவ்வொரு வீட்டுப்பாடத்தின் அடியிலும் வையுங்கள். வகுப்பிலேயே 10 நிமிடம் ஒதுக்கி, எல்லோரையும் உள்ளே போய் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உதவி கேட்கும் கூச்சம்தான் பெரிய தடை. நான் டியூட்டராக இருந்தபோது பார்த்திருக்கிறேன், ஒருமுறை கேட்டுவிட்டவர்கள் தயங்காமல் திரும்ப வருவார்கள்.

டியூட்டரும் மாணவரும் திரையில் எழுதிக் காட்ட ஆன்லைன் வைட்போர்டு இருக்கிறதா? வெறும் சாட்டில் பின்னங்களை விளக்குவது பெரும்பாடு. போனில் சரியாகத் திறக்கிறதா என்றும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.