ஏழு பீஸ் செட்டும் தாய்மாமன் சீரும்

கேள்வி: வாலாஜாபேட்டையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 11,000. கணவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு 20,000 வருகிறது. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். வீட்டில் தோசைத் தவா, கடாய் இரண்டிலும் நான்ஸ்டிக் பூச்சு உரிந்துவிட்டது. தை மாதம் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. என் கணவர்தான் தாய்மாமன். சீர்த்தட்டோடு டிரைப்ளை எனப்படும் மூன்றடுக்குப் பாத்திரத்தில் ஏழு பீஸ் செட் ஒன்றும் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். ஒரு செட் 14,800. இரண்டாக எடுத்தால் 26,000, பன்னிரண்டு மாத நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். வீட்டுக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா? டிரைப்ளை நல்லதா, செராமிக் பூச்சு நல்லதா? என் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 46,000 நிலுவை இருக்கிறது. போன வருடம் இதே நாத்தனாருக்கு 28,000-க்கு ஒரு பாத்திர செட் என் கார்டில் எடுத்துக் கொடுத்தோம். மூன்று மாதம் 2,000 வீதம் தந்தார், அப்புறம் நின்றுவிட்டது. நான் மாதம் 2,300 மினிமம், அதாவது பில்லில் கேட்கிற குறைந்தபட்சத் தொகை மட்டும், கட்டி வருகிறேன்.

பதில்: டிரைப்ளையா செராமிக்கா என்பதற்குப் பிறகு வருகிறேன், அது சின்ன விஷயம். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 2,300 ரூபாய் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம்.

கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சற்று முன்பின் இருக்கலாம். 46,000-க்கு வட்டி 1,610. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 290. ஆக 1,900 ரூபாய். நீங்கள் கட்டிய 2,300-ல் அசலில் கழிந்தது வெறும் 400. இப்படியே மாதாமாதம் 2,300 கட்டினாலும் முடிய மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். நிலுவை குறையக் குறைய மினிமமும் குறையும். அந்தக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் இன்னும் எத்தனையோ வருடம் இழுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. பில்லை முழுவதும் கட்டாமல் நிலுவை வைத்திருக்கும்வரை, புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது. நாளைக்கு அந்தக் கார்டில் 800 ரூபாய்க்கு மளிகை வாங்கினாலும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உங்கள் சம்பளத்துக்கு 46,000 கட்டவே முடியாத கடன் இல்லை. ஆனால், "உன் கார்டுல எடுத்துக் குடு, மாசாமாசம் தந்துடறேன்" என்று சொந்தக்காரர் கேட்டதும் கார்டை நீட்டுகிற பழக்கம் தொடர்ந்தால் எந்தச் சம்பளமும் போதாது. அதே நாத்தனார் 28,000 ரூபாய் ரொக்கமாகக் கைமாற்று கேட்டிருந்தால் நீங்களும் கணவரும் ஒரு வாரமாவது யோசித்திருப்பீர்கள், கடைசியில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்திருப்பீர்கள். கார்டு என்றதும் கொடுத்த மாதிரியே தோன்றவில்லை. வங்கிக்கோ உங்கள் நாத்தனாரைத் தெரியாது. தவணை தவறினால் கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர், கடன் கேட்டால் வங்கிகள் பார்க்கிற மதிப்பெண். இப்போது அதே வீட்டுக்கு, அதே கார்டில், இரண்டாவது பாத்திர செட்டுக்கு வழி கேட்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது, மன்னியுங்கள்.

நோ காஸ்ட் என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணத்துக்குள் ஒளிந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளைக் கண்டித்தது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு வங்கி வட்டியை வழக்கம்போல வாங்கிக்கொள்கிறது. உங்கள் 26,000-ல் வட்டி மட்டும் ஏறக்குறைய 2,100 இருக்கும். அதற்கான ஜிஎஸ்டி 380 உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் பேரம் பேசிக் குறைத்திருக்கக்கூடிய தொகையும் போச்சு. மாதத் தவணை 2,167. பழைய 2,300-ஐயும் சேர்த்தால் 4,467. உங்கள் இருவர் வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு பாத்திரக் கடனுக்கே போகும்.

சரி, சீருக்கு என்ன செய்வது? தாய்மாமன் சும்மா கையை வீசிக்கொண்டு போக முடியாது, அது எனக்கும் தெரியும். உங்கள் நாத்தனார் கொடுத்தது 6,000. மீதி 22,000 பாக்கி. வட்டியை விட்டுவிடுங்கள். அந்த 22,000-ஐயே தாய்மாமன் சீராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொல்லக்கூடாது, மருமகள் வாயிலிருந்து வந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். உங்கள் கணவர் தம் அக்காவிடம், வீட்டுக்குள், விழாவுக்குப் போதிய நாள் முன்பே சொல்லட்டும்: "அக்கா, போன வருஷம் எடுத்த செட்டுல மீதிய நீ தர வேணாம், அதான் பாப்பாவுக்கு என் சீர்." மாமியாரும் பக்கத்தில் இருந்தால் நல்லது. திரும்பி வராது என்று உங்களுக்கே தெரிந்துபோன பணம் இது. எப்படியும் போகப்போவது மரியாதையோடு போகட்டும்.

சபையில் வைக்கப் புடவை, மாலை, பூ, பழம், வளையல் தட்டுகள் இருக்கவே இருக்கின்றன. பாத்திரம் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால், வேலூர் லாங் பஜார் பக்கம் போய் எடை போட்டு விற்கும் கடையில் எவர்சில்வர் குடமோ தூக்குவாளியோ எடுங்கள். ரொக்கம் 2,000-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் உசத்தி ரகம் என்று கடைக்காரர் செய்து காட்டுவார். 202 என்ற மலிவான எவர்சில்வர் ரகத்திலும் காந்தம் ஒட்டாதுதான். ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த 46,000. வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால், அடகுக் கடைக்குப் போகாமல் வங்கியில் வைத்துக் கார்டை ஒரே தடவையில் அடையுங்கள். மாதத் தவணையாகக் கட்டும் நகைக்கடன் வேண்டும் என்று கேளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 385 ரூபாய்க்குள்தான். இப்போது கட்டுகிற அதே 2,300-ஐக் கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கார்டு காலியாகிவிட்டது என்று மறுபடி தேய்க்கத் தொடங்கினால் கடன் இரண்டாகும், நகையும் போகும். அதற்கு இதைச் செய்யாமலே இருக்கலாம்.

இனி உங்கள் சமையலறை. டிரைப்ளை மோசமான பொருள் இல்லை. இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்தியிருப்பதால் சூடு ஒரே சீராகப் பரவும், அடிபிடிப்பது குறையும். இண்டக்‌ஷனுக்கும் ஆகும். உங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருப்பதாக எழுதவில்லை, அதனால் அந்த வசதிக்குத் தரும் காசு வீண். ஏழு பீஸ் என்பதில் மூடிகளையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு சாஸ் பேன், ஒரு ஃப்ரை பேன் என்று இருப்பவற்றில் ஐந்து பேர் சாப்பிடும் நம் வீட்டுச் சமையலுக்கு இரண்டுதான் தினமும் அடுப்பேறும். மற்றவை பரண்மேல் போகும். செட்டாக எதையும் வாங்காதீர்கள்.

செராமிக் பூச்சும் பூச்சுதான். சில வருடத்தில் வழுவழுப்பு போய்விடும், மறுபடி வாங்க வேண்டும். பழைய நான்ஸ்டிக்கில் இருப்பது 260 டிகிரிக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும் பூச்சு. வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போனால் அந்தச் சூடு சீக்கிரமே ஏறிவிடும். உரிந்துபோனதை மாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரியே.

தோசைக்கு இரும்புக் கல் வாங்குங்கள், கனமாக. 700, 800 ரூபாய் ஆகும். இரண்டு மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, கழுவி, நல்லெண்ணெய் தடவி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குங்கள். முதல் வாரம் தோசை ஒட்டும், திட்டிக்கொண்டே ஊற்றுங்கள். அப்புறம் உங்கள் பிள்ளைகள் காலம்வரை வரும். வதக்க, பொரிக்க இரும்புக் கடாய் ஒன்று, அதுவும் ஏறக்குறைய அதே விலை. முள்ளு கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்க வேண்டாம், புளி இரும்பைக் கரைத்து ருசியைக் கெடுக்கும். அதற்கு 250 ரூபாய் மண்சட்டி போதும். எல்லாம் சேர்த்து 2,000-க்குள் அடங்கும். டிரைப்ளை ஆசை தீரவில்லை என்றால், நகை திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு கடாய் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

குக்கரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நன்றாக ஓடுகிறது என்றால் காஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் மாற்றிக்கொண்டு அதையே வைத்திருங்கள். புதிதாக வாங்க நேர்ந்தால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டு உபயோகக் குக்கருக்கு அது கட்டாயம். பழைய பாத்திரத்துக்குப் புதுக் குக்கர் என்று தெருவில் வருபவரிடம் முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

கார்டை அடைத்த அன்றே லிமிட்டை 15,000-க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்து யாராவது கேட்டால் "லிமிட் இல்லீங்க" என்று சொல்லிவிடலாம், அது பொய்யாகவும் இருக்காது.  அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் மிச்ச வட்டியாகச் சில நூறு ரூபாய் வரும். அதை மினிமமாக இல்லாமல் முழுதாகக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.