பாத்திரம் தேய்க்கவா பணித்தளத்துக்கு வந்தேன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவன். வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஜார்க்கண்டில் ஒரு மிஷன் நடத்தும் ஆதிவாசிப் பிள்ளைகளின் விடுதிக்கு ஊழியனாக வந்தேன். வந்த நாள் முதல் அடிகுழாயில் தண்ணீர் அடிப்பதும், சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவதும், பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவதும், பேன் பார்ப்பதும், கரி பிடித்த அண்டாக்களைத் தேய்ப்பதுமே என் வேலையாக இருக்கின்றன. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள், "எத்தனை ஆத்துமாக்கள் ஆதாயமாயின?" என்று கேட்கும்போது கூசிப்போகிறேன். என் அழைப்பே தவறோ?
– ஓர் இளம் ஊழியர், ஜார்க்கண்ட்

பதில்: தம்பி, உங்கள் அழைப்பில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரார் கேட்கும் கேள்வியில்தான் குறை இருக்கிறது. பணித்தளத்தை அறுவடைக் கணக்காக மட்டும் பார்த்துப் பழகிவிட்ட சபைகள் நம்முடையவை. அந்தக் கணக்குப் புத்தகத்தில் அண்டா தேய்த்தவனுக்குப் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை.

மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று, அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ உங்கள் வயதுதான். மறுநாள் 24 நிறைந்தது. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று, குருப்பட்டம் பெற்று வந்த அந்த மனிதர், இங்கே வந்து செய்த முதல் வேலைகளுள் ஒன்று, தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதியது. சிறுவர்கள் எழுதிக் காட்ட, அவர் பார்த்து எழுதினார். கிரேக்கமும் எபிரெயமும் கற்றவருக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மணல் எழுத்திலிருந்து தொடங்கி, இடையில் டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையிலும் இருந்து, தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி முடியும்வரை ஒன்பது ஆண்டுகள் ஆயின.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் கற்றபின், தமிழ்ப் பெண்கள் சிலரோடு சேர்ந்து மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதே அவருடைய ஊழியமாக இருந்தது. 1901-இல் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தன. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. உங்கள் மாவட்டத்து டோனாவூரில் தங்கிவிட வேண்டியதாயிற்று. பேசத் தெரிந்த, எழுதத் தெரிந்த, ஆயிரம் பேரை ஈர்க்கத் தெரிந்த ஒருவர் பால் அளக்கவும் துணி துவைக்கவும் இரவில் கண் விழிக்கவும் தம் நாட்களைக் கொடுத்தார். இதற்காகவா இவர் கடல் கடந்து வந்தார் என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் கேள்வி அவருக்குள்ளும் எழாமல் இல்லை. யோவான் 13-ஆம் அதிகாரத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவக் கர்த்தர் துணியை அரையில் கட்டிக்கொண்டதைக் கண்டபோதுதான் அது அவருக்குத் தீர்ந்தது.

அவரோடு ஊர்ப்பயணம் செய்தவர்களுள் பொன்னம்மாள் என்பவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் மனக்குறை. டோனாவூரில் அப்போது மருத்துவர் இல்லாததால், பச்சிளங்குழந்தைகளை நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் வைத்து வளர்த்தார்கள். அந்த வீட்டின் பொறுப்பை ஏற்றவர் அவர்தான். பிரசங்கிக்க வந்த பெண்களுக்குக் குழந்தையின் அசுத்தத் துணியைத் தொடுவது முதலில் கௌரவக் குறைவாகப்பட்டது. பொன்னம்மாள் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. மற்றவர்கள் தயங்கிய வேலையை முதலில் தாம் எடுத்துச் செய்தார். பிறகு மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள்.

இனி உங்கள் விடுதிக்கு வருகிறேன். இப்படிப்பட்ட விடுதி ஒன்றில் நகம் வெட்டும் நாளை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளை முதலில் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒரு விரலை மட்டும் நீட்டுகிறது. சில வாரங்கள் கழித்து, கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துவிட்டு, தன் ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்குகிறது. முண்டாரியோ சாத்ரியோ, எந்த மொழி இலக்கணப் புத்தகமும் தராத சொற்களை அந்த நேரத்தில்தான் நீங்கள் கற்பீர்கள். நாளை அந்த மொழியில் பிரசங்கிக்கும்போது உங்கள் வாயில் வரப்போவது அந்தப் பிள்ளை தந்த சொற்கள்தான். விசுவாசத்தையும் இதே இடத்தில்தான் கற்க வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் அரிசிச் சாக்கு அடி தட்டுகிறது, காணிக்கை இன்னும் வந்து சேரவில்லை, மாலையில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள் என்று தெரிந்தும் அடுப்பை மூட்டுகிறீர்களே, அந்த நேரத்து ஜெபம் மேடை ஜெபம் போல நீளமாக இருக்காது. "உங்கள் விசுவாசத்தின் பரீட்சையானது பொறுமையை உண்டாக்கும்" என்று யாக்கோபு எழுதியது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இரவில் விளக்கணைப்பதற்கு முன் வேதாகமக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அனுமதி வேண்டும் என்று பொறுப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். தாழ்மை என்பது வாய் திறக்காமல் மனத்துக்குள் புழுங்குவதன்று. ஊரார் அடுத்த முறை எண்ணிக்கை கேட்டால், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குத் தேர்வு என்று பெயர் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: வில்லியம் கேரி முதல் ஆத்துமாவுக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தார் என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்கிறார். காத்திருந்த காலத்தில் அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார்? சும்மா இருப்பதற்கும் பொறுமைக்கும் என்ன வேறுபாடு?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, சகோதரி. ஆங்கிலேய மிஷனரியான கேரி 1793 நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்தார். அவருடைய ஊழியத்தின் முதல் ஆத்துமாவாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28 அன்று. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் கேரி, வங்காளத்தின் மால்டா பகுதியில் முத்னாபட்டி என்ற ஊரில் ஓர் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் மேலாளராக வேலை பார்த்தார். அவுரித் தழையை ஊறவைப்பது, கூலி கொடுப்பது, கணக்கு எழுதுவது ஆகியவற்றுக்கிடையே வங்காள மொழியைக் கற்று வேதாகமத்தை மொழிபெயர்த்தார். இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் என்பதால், கையால் செய்யும் வேலையை அவர் ஒருபோதும் இழிவாக நினைத்ததில்லை. தம்மிடம் உள்ள ஒரே திறமை விடாமல் உழைப்பதுதான் என்று தம் தம்பி மகனிடம் அவரே சொல்லியிருக்கிறார். அந்த முதல் மனிதரும் பிரசங்கத்தால் மட்டும் வந்தவரல்லர். விழுந்து தோள்மூட்டு நழுவிய கிருஷ்ண பாலுக்கு, கேரியின் உடன் ஊழியரான மருத்துவர் ஜான் தாமஸ் கையைச் சரிசெய்தார். அதன் பிறகே அவர் நெருங்கி வந்து கேட்கத் தொடங்கினார்.

பொறுமைக்கு இன்னும் கடுமையான சோதனை பிறகு வந்தது. 1812 மார்ச் 11 மாலை, கேரியும் உடன் ஊழியர்களும் வேதாகமம் அச்சிட்டுவந்த செராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. காகிதக் குவியலும், தமிழ் உட்படப் பல மொழிகளின் அச்செழுத்துகளும், கேரி ஆண்டுக்கணக்கில் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படியும் எரிந்துபோயின. அச்சு இயந்திரங்கள் தப்பின; சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சேதமின்றிக் கிடைத்தன. அச்சுப் பணியைக் கவனித்த வில்லியம் வார்டும் மற்றவர்களும் உருகிக் கிடந்த ஈயத்தைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் எழுத்து வார்த்தார்கள். ஒருமுறை நடந்த பாதையில் இரண்டாம் முறை நடப்பது எளிதாக இருக்கும் என்று கேரி மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தார். சும்மா இருப்பவருக்குச் சாம்பலைக் கிளறத் தோன்றாது.

ஆனால் உங்கள் போதகர் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முத்னாபட்டியில் கேரி தம்பதியரின் ஐந்து வயது மகன் பீட்டர் 1794-இல் இறந்தான். தாய் டோரதி மனநோயில் விழுந்து, 1807-இல் இறக்கும்வரை மீளவில்லை. முதலில் இந்தியாவுக்கு வரவே அவர் விரும்பவில்லை. கேரியின் பொறுமையைப் புகழும் பலர், அந்தப் பொறுமைக்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர் டோரதிதான் என்பதைக் கடந்து போய்விடுகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

*

கேள்வி: எங்கள் பணித்தளத்தில் கழிப்பறை கழுவுவதும் சமையல்கட்டும் எப்போதும் குறிப்பிட்ட சிலருக்கே வருகின்றன. பொறுப்பாளர் குடும்பத்தார் ஒருநாளும் துடைப்பத்தைத் தொட்டதில்லை. கேட்டால், "தாழ்மையைக் கற்றுக்கொள்" என்கிறார்கள். நான் முறுமுறுக்கிறேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இல்லை. நீங்கள் கேட்பது நியாயம். மேல்வீட்டறையில் சீஷர்களின் கால் கழுவிய இயேசுதான் அந்தப் பந்தியின் தலைவர். சீஷர்களுள் இளையவனைக் கூப்பிட்டு, நீ கழுவித் தாழ்மையைக் கற்றுக்கொள் என்று அவர் சொல்லவில்லை. மேலிருப்பவர் தாம் செய்யாத வேலையைக் கீழிருப்பவருக்குப் பாடமாகக் கொடுத்தால், அங்கே கற்பிக்கப்படுவது யார் மேல், யார் கீழ் என்பது மட்டும்தான். "குறிப்பிட்ட சிலர்" என்று நீங்கள் எழுதியிருப்பது எந்தச் சிலர் என்பதை நம் நாட்டில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அது சாதியின் பெயரால் நடக்கிறதென்றால் அதைப் பொறுத்துக்கொள்வது ஆவிக்குரிய பயிற்சி ஆகாது.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை உங்கள் குழு சேர்ந்து வாசிக்கட்டும். எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பு, அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டதைப் பற்றியது. அப்போஸ்தலர் அவர்களை வாய் மூடச் சொல்லவில்லை. குறையை ஒத்துக்கொண்டு, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழுபேரைப் பந்தி விசாரணைக்கு நியமித்தார்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அந்த ஏழுபேரில் இருந்தார்கள். பந்தி பார்க்கும் வேலைக்கு அவ்வளவு தகுதி வேண்டும் என்று அந்தச் சபை நினைத்தது.

முறை வைத்து எல்லாரும் எல்லா வேலையும் செய்யும் அட்டவணை ஒன்றைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் முன்வையுங்கள். முதல் வரியில் பொறுப்பாளரின் பெயர் இருக்கட்டும். தனியாகப் போகாமல் இரண்டொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மிஷனின் மேலிடத்துக்கு எழுதுங்கள். அங்கிருந்தும் பதில் இல்லையென்றால் வேறு பணித்தளம் தேடுவது பின்வாங்குதல் அன்று.

*

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரசங்கிக்க வராது, கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னாலே நா குழறும். ஆனாலும் ஒரு பணித்தளத்தில் போய்ச் சில மாதங்கள் இருக்க ஆசை. என்னால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் தாமஸுக்கு அடிமைகளிடம் ஊழியம் செய்யப் புறப்பட்ட மொரேவியன் சபைச் சகோதரர்கள் இருவருள் லியோனார்டு டோபர் குயவர், டேவிட் நிட்ஷ்மன் தச்சர். கேரி கப்பலேறுமுன் அச்சுத் தொழில் தெரிந்த வார்டைச் சந்தித்து, வேதாகமம் அச்சிட உன்னைப் போன்ற ஒருவர் வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்திருந்தார். வார்டு 1799-இல் வந்து சேர்ந்தார். பவுலும் மெலித்தா தீவில் கப்பல் உடைந்து கரையேறியதும் விறகு பொறுக்கித்தான் நெருப்பில் போட்டார்.

வடக்கே பல விடுதிகளில் கம்பி பழசாகி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் நிலை இருக்கிறது. எர்த் சரியாகப் போடப்படாத இடங்களில் நூறு பிள்ளைகள் தூங்குகிறார்கள். போவதற்கு முன் அந்தப் பணித்தளத்துக்கு எழுதி, மின் இணைப்பு எப்படி, மோட்டார் எத்தனை எச்பி, நாளில் எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்டர், மீட்டர், நல்ல கையுறை ஆகியவற்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். உள்ளூரில் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. விடுதியில் பெரிய பையன்கள் இரண்டுபேரைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்தால், நீங்கள் திரும்பி வந்த பிறகு ஃபியூஸ் போகும்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் கம்பளியும் வேண்டும். தூத்துக்குடிக்காரருக்கு அந்தக் குளிர் தாங்காது.