செய்முறை ஆய்வில் ஒப்பீட்டுக் குழு எதற்கு?

உரம் போட்டதும் செடி வளர்ந்துவிட்டது. அப்புறம் உரம் போடாத செடியை ஏன் வளர்க்க வேண்டும்? ஆய்வுத் திட்டம் செய்யும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது.

நீங்கள் சோதிக்கும் அந்த ஒன்றைத் தவிர மண், தண்ணீர், வெயில் எல்லாம் ஒரே மாதிரி அமைந்த இன்னொரு தொகுதிதான் ஒப்பீட்டுக் குழு. உரம் போடாமலே செடி அதே அளவு வளர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு அது மட்டுமே பதில் சொல்லும். சளி தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும். நடுவில் மாத்திரை போட்டிருந்தால் பெருமை மாத்திரைக்குப் போகும், அந்த மாதிரிதான்.

1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஜோடிக்கு ஜோடி மருந்து மட்டும் வேறு. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். (இருவர் என்பது குறைவுதான். உங்கள் ஆய்விலும் குழுவுக்கு ஒரு செடி போதாது, குறைந்தது பத்துச் செடிகள் வையுங்கள்.)

ஒப்பீட்டுக் குழு என்றால் எதுவுமே கொடுக்காத குழு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, புது உரத்தைச் சோதித்தால், வழக்கமான உரம் போட்ட செடிகளும் ஒப்பீட்டுக் குழுவாகலாம்.