9 நாள் விட்டுவிட்டு மறுபடி பற்றவைத்த தம்பிக்கு

தம்பி, 9 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, 10-வது நாள் புளியரை சோதனைச் சாவடியில் லாரி வரிசையில் நிற்கும்போது கூட்டாளி நீட்டியதை வாங்கிப் பற்றவைத்துவிட்டேன், எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் போகவில்லை. நான் மூன்று முறை விட்டு மறுபடி பிடித்தவன். நாலாவது முறைதான் நின்றது, அதுவும் என் கிளீனர் பையனால். நான் சட்டைப்பையைத் தடவினாலே கடலை மிட்டாயை நீட்டுவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். உங்கள் கூட்டாளியிடமும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், கேட்டாலும் கொடுக்காதே என்று. ஆசை கிளம்பினால் ஐந்து பத்து நிமிடத்தில் தணிந்துவிடும்; அதுவரை இறங்கி டயரைத் தட்டிப் பாருங்கள். கட்டன் சாயாவையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், எனக்கு அதுதான் சிகரெட்டைக் கையோடு கூட்டிவரும். உடம்பு ரொம்பப் படுத்துவது முதல் 3 நாள்தான், அதை ஏற்கெனவே தாண்டியவர் நீங்கள்.

அப்புறம் 1800-11-2356, புகையை விட உதவும் இலவச எண், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் (நாம்தான் படத்தைப் பார்க்காமல் திருப்பி வைத்துவிடுவோமே). தமிழிலும் பேசுவார்கள். ஆரியங்காவு தாண்டினால் இன்னும் வசதி: கேரளத்தில் பொது இடத்தில் புகைக்க உயர் நீதிமன்றம் 1999-லேயே தடை போட்டுவிட்டது. இன்று ராத்திரி மனைவியிடம் அந்த ஒரு சிகரெட்டைச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் நாளைக்கு இரண்டாகும்.