சில்க்கிக் கோழி அடையை விட்டு எழ மறுக்கிறதா?

முட்டையே இல்லாத கூட்டில் உங்கள் சில்க்கி மூன்று வாரமாக அடை கிடக்கிறது, தீனிக்குக்கூட சரியாக எழுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீங்க, அடிக்கடி அடைக்கு உட்காருவது இந்த இனத்தின் குணம். ஆனால் இப்போது முட்டை வைக்காதீர்கள். குஞ்சு பொரிய இன்னும் 21 நாள் உட்கார்ந்தால் இளைத்துவிடும்.

அடியில் கம்பிவலை உள்ள கூண்டைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் அதில் விடுங்கள். வைக்கோல் வேண்டாம். வயிற்றுக்கடியில் காற்றுப் பட்டால் சூடு தணிந்து அடை கலையும். தண்ணீரில் முக்கி எடுக்கச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாட்டுக்கோழிக்கே அது வதை. சில்க்கியின் பஞ்சு இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிக்கொண்டு உலர வெகுநேரம் ஆகும்.

அப்புறம், சிறகுக்கடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.