பரிசோதனையை யாரில் தொடங்குவது? – பரம்பரைப் புற்றுநோய் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. மஹரகமவில் சிகிச்சை பெற்று இப்போது சுகமாக இருக்கிறார். அவரின் தங்கை, என் சின்னம்மா, 51 வயதில் சூலகப் புற்றுநோயால் இறந்துபோனார். எனக்கு 29 வயது. மரபணுப் பரிசோதனையை நான் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். அம்மாவை மறுபடியும் வைத்தியசாலை, ஊசி என்று அலைக்கழிக்க மனம் வரவில்லை. – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் குடும்பத்துக்குப் பரிசோதனை கட்டாயம் தேவை. ஆனால் அது அம்மாவில் தொடங்க வேண்டும், உங்களில் அல்ல. இந்த வரிசை மாறுவதால்தான் பெரும்பாலான குடும்பங்கள் காசும் கொடுத்து, பதிலும் இல்லாமல் நிற்கின்றன.

காரணம் இதுதான். முதலில் உங்கள் இரத்தத்தைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தங்கள் இருக்கலாம். அம்மாவிடம் உள்ள விகாரம், அதாவது நோய் தரக்கூடிய மரபணு மாற்றம், உங்களுக்குக் கடத்தப்படவில்லை என்பது ஒன்று. அம்மாவின் நோய்க்குக் காரணமான மாற்றம் அந்தப் பரிசோதனை தேடிய மரபணுக்களிலேயே இல்லை என்பது மற்றது. முதலாவது நிம்மதி. இரண்டாவதில் உங்கள் ஆபத்து அப்படியே இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எது சரி என்று எவராலும் சொல்ல முடியாது. அம்மாவில் விகாரம் கண்டுபிடிக்கப்பட்டால் நிலைமை வேறு. உங்களில் அந்த ஒரே ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். செலவு குறைவு, பதில் ஆம் அல்லது இல்லை. "இல்லை" என்றால் உங்கள் ஆபத்து ஊரில் மற்றப் பெண்களுக்கு உள்ள அளவுதான். "ஆம்" என்று வர வாய்ப்பு 50 சதவீதம்.

அம்மாவுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. ஊதா மூடி போட்ட குழாயில் 3 முதல் 5 மில்லி லீற்றர் இரத்தம், ஒரே குத்து. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. கீமோதெரபி முடிந்திருந்தாலும் ரிப்போர்ட் கெடாது, ஏனெனில் பிறப்பிலிருந்து உள்ள டிஎன்ஏ மாறுவதில்லை. யாருக்காவது எலும்பு மச்சை மாற்றம் செய்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: அவர்களின் இரத்தத்தில் இருப்பது தானம் கொடுத்தவரின் டிஎன்ஏ. அப்போது தோல் மாதிரி எடுக்க வேண்டும்.

இதை உங்களுக்காக அம்மாவைக் கஷ்டப்படுத்துவதாக எண்ணவே வேண்டாம். விகாரம் இருந்தால் மற்ற மார்பகத்திலும் சூலகத்திலும் புதிதாக நோய் தோன்றக்கூடும். நோய் திரும்பினால், இத்தகைய விகாரம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஒலாபரிப் போன்ற மருந்து பொருந்துமா என்பதையும் இதே ரிப்போர்ட்தான் சொல்லும். முதல் பயன் அம்மாவுக்கே.

பரிசோதனைக்குக் கொடுக்கும்முன் ஆய்வுகூடத்தில் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, தேடும் மரபணுக்களின் பட்டியலில் மார்பக, சூலகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மட்டுமா, பால்பி2, டிபி53, ராட்51சி, ராட்51டி, பிரிப்1 போன்றவையும் உண்டா? சூலக நோய் உள்ள குடும்பத்தில் கடைசி மூன்றும் முக்கியம். இரண்டு, மரபணுவின் பெரிய துண்டு ஒன்று முழுதாக அழிந்திருந்தாலோ இரட்டித்திருந்தாலோ அதையும் கண்டுபிடிப்பார்களா? டிஎன்ஏயின் எழுத்துக்களை மட்டும் வாசிக்கும் முறை இதைத் தவறவிடும். அதற்கென்று எம்எல்பிஏ என்ற தனிச் சோதனை இருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வாங்கிய "நெகட்டிவ்" ரிப்போர்ட்டை நாங்கள் பாதி ரிப்போர்ட் என்றே கொள்வோம்.

அம்மாவின் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியலுக்கென்று ஒரு பிரிவு உண்டு. இரத்தம் கொடுப்பதற்கு முன்னரே மரபியல் ஆலோசனை பெறுவதுதான் முறை.

கேள்வி: அப்பாவின் சகோதரிகள் இருவருக்கு மார்பகப் புற்றுநோய். அம்மா பக்கம் யாருக்கும் இல்லை. அப்பா வழியில் வருவது பெண்பிள்ளைகளைத் தொடாது என்று பெரியம்மா உறுதியாகச் சொல்கிறார். – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பெரியம்மா அன்பாகச் சொல்கிறார், ஆனால் பிழை. 1990இல் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங்கின் குழு, இளவயது மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களில் காரணம் 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் காட்டியது. பிஆர்சிஏ1 மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. பிஆர்சிஏ2 இருப்பது 13ஆம் நிறமூர்த்தத்தில். இரண்டுமே ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் நிறமூர்த்தங்கள் அல்ல. ஆகவே அப்பா கொடுத்தாலும் அம்மா கொடுத்தாலும் பாதிக்குப் பாதிதான். அப்பாவுக்கு நோய் வராமலே இருக்கலாம், விகாரம் உங்களுக்கு வந்திருக்கலாம். ஆண்களும் முழுதாகத் தப்புவதில்லை: பிஆர்சிஏ2 விகாரம் உள்ள ஆண்களுக்கு புறொஸ்டேட், கணையம், ஏன் மார்பகத்தில்கூட நோய் வரும் ஆபத்து உயர்கிறது.

குடும்ப மரத்தை இரு பக்கமும் மூன்று தலைமுறைக்கு எழுதுங்கள். அப்பம்மா, அப்பப்பா, மாமிமார், பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் நோய் கண்டுபிடித்த வயதை எழுத வேண்டும். பலர் இறந்த வயதை எழுதிக்கொண்டு வருகிறார்கள், அது உதவாது. நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்பது அடுத்தது. "வயிற்றில் புற்றுநோய்" என்றால் இரைப்பையா, குடலா, சூலகமா? டயக்னோசிஸ் கார்ட், ஹிஸ்டோலொஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் இருந்தால் பிரதி எடுங்கள். இடம்பெயர்வுகளில் எல்லாக் காகிதமும் போன குடும்பங்கள் எத்தனையோ. அப்படியானால் என்ன சிகிச்சை நடந்தது என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். "வயிறு வீங்கி அடிக்கடி நீர் எடுத்தார்கள்" என்று ஓர் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னால் சூலகத்தைச் சந்தேகிக்க இடமுண்டு. உறுதிப்பாடு அல்ல, ஆனாலும் வைத்தியருக்கு அது பெறுமதியான குறிப்பு.

50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், இரு மார்பகங்களிலும் நோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலானாலும் சூலகப் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலே ஆலோசனைக்குப் போகலாம். உங்கள் குடும்பத்தில் தொடங்க வேண்டியவர் மாமிமாரில் இளவயதில் நோய் கண்டவர்.

கேள்வி: ரொறன்ரோவில் உள்ள என் பெரியம்மாவுக்கு பிஆர்சிஏ2 விகாரம் இருப்பதாக வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். நாங்கள் இங்கே என்ன செய்வது? ஒன்லைனில் எச்சில் கிட் வாங்கினால் போதுமா? – வாசகர், தெஹிவளை

பதில்: குரல் செய்தியை வைத்து எந்த ஆய்வுகூடமும் தேட முடியாது. பிஆர்சிஏ2 மிக நீளமான மரபணு, அதில் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியுள்ளன. பெரியம்மாவிடம் ரிப்போர்ட்டின் முழுப் பிரதியைக் கேளுங்கள். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'சி', ஒரு புள்ளி, பிறகு எண்கள் என்று ஒரு வரி இருக்கும். மாற்றம் எந்த இடத்தில் என்பதன் முகவரி அதுதான். பக்கத்தில் 'என்எம்' என்று தொடங்கும் எண் இருக்கும். மரபணுவின் எந்தப் பதிப்பை வைத்து அந்த இடத்தை எண்ணினார்கள் என்பதை அது சொல்லும், அதுவும் வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வேறோர் இடத்தைத் தேடி "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆகவே கையால் எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், பக்கத்தையே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியவர் உங்கள் அம்மா. அவரிடம் இல்லையென்றால் அந்த விகாரம் உங்களிடமும் உங்கள் பிள்ளைகளிடமும் வர வழியில்லை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

எச்சில் கிட் வேண்டாம். வீட்டுக்கு வரும் இவ்வகைச் சோதனைக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தபோது அது பார்த்தது மூன்று விகாரங்களை மட்டுமே. அவை அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடையே அதிகம் காணப்படுபவை. நம்மவர்களுக்கு அது "இல்லை" என்று சொன்னாலும் ஒன்றும் தெரிந்ததாகாது.

கேள்வி: ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ1இல் "முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்" என்று வந்திருக்கிறது. பயத்தில் இரு மார்பகங்களையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தயவுசெய்து வேண்டாம். மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். 1, 2 தீங்கற்றவை. 4, 5 நோய் தருபவை. உங்களுடையது 3, அதாவது போதிய தரவு இன்னும் சேரவில்லை. இவ்வகை மாற்றங்கள் பின்னர் மறுவகைப்படுத்தப்படும்போது பெரும்பாலும் தீங்கற்ற பக்கமே போகின்றன. தெற்காசியர்களுக்கு இந்த 3 அதிகமாக வருவதற்கும் காரணம் உண்டு: ஒப்பிடப் பயன்படும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. நம்மிடையே சாதாரணமாக உள்ள மாற்றமும் அங்கே அரிதாகத் தெரியும்.

இதை வைத்துச் சத்திரசிகிச்சை செய்யக் கூடாது, தங்கைக்குப் பரிசோதனை செய்து முடிவெடுக்கவும் கூடாது. உங்கள் கண்காணிப்பைக் குடும்ப வரலாறு தீர்மானிக்கட்டும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுகூடத்திடம் வகை மாறியதா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு பிஆர்சிஏ2 விகாரம் உண்டு. என் மகளை என் அண்ணாவின் மகனுக்குப் பேசியிருக்கிறோம். சொந்தத்துக்குள் கட்டினால் புற்றுநோய் கூடுமா? – வாசகி, மட்டக்குளி

பதில்: கலியாணத்தால் மகளின் ஆபத்து கூடாது. அவரிடம் விகாரம் இருக்கிறதா என்பது பிறக்கும்போதே முடிவான விடயம். கேள்வி பேரப்பிள்ளைகளைப் பற்றியது. மகளிடமும் மருமகனிடமும் அதே விகாரம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இரு பக்கத்திலிருந்தும் வர 25 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஃபான்கோனி இரத்தச்சோகை வரும்: எலும்பு மச்சை செயலிழக்கும், சிறு வயதிலேயே புற்றுநோய்கள் தோன்றும். மிகக் கொடிய நோய்.

ஆகவே முதலில் உங்கள் அண்ணாவைப் பரிசோதியுங்கள். அவரிடம் இல்லையென்றால், அவர் வழியாக மருமகனுக்கு வராது, பயமில்லை. இருந்தால் மகளும் மருமகனும் தங்கள் சம்மதத்தோடு பரிசோதிக்கலாம். இருவரிடமும் இருந்தாலும் கலியாணத்தை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. கருவைச் சோதித்துப் பதிக்கும் செயற்கைக் கருத்தரிப்பு முறை உண்டு. ஆனால் அது தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். சம்பந்திமாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. இங்கே சம்பந்தியும் உங்கள் சொந்த அண்ணாதான். அவருடைய உடலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய். இதுவும் பரம்பரையா? – வாசகர், வத்தளை

பதில்: லின்ச் நோய்க்கூட்டமாக இருக்கலாம்: குடல், கருப்பைப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பரம்பரை நிலை அது. அப்பாவின் கட்டியிலிருந்து எடுத்த மாதிரி மெழுகுக் கட்டியாக வைத்தியசாலையில் இருக்கும். அதில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற, டிஎன்ஏயின் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களும் உள்ளனவா என்று நிறமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று இல்லையென்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். விகாரம் உறுதியானால், எம்எல்எச்1, எம்எஸ்எச்2 குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 25 வயதிலிருந்து 1 முதல் 2 வருடத்துக்கு ஒரு கொலனொஸ்கொபி, அதாவது கமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயின் ஆபத்தும் உண்டு. மாதவிடாய்க்கு வெளியே இரத்தம் பட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு பிஆர்சிஏ1 விகாரம் உண்டு. மகளுக்கு 11 வயது. இப்போதே பரிசோதித்து வைக்கலாமா? – வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: வேண்டாம். 18 வயதுக்கு முன் அறிந்து செய்யக்கூடியது எதுவுமில்லை. முடிவெடுக்கும் உரிமையும் அவருடையது. விகாரம் இருந்தால் 25 வயதிலிருந்து வருடாந்த எம்.ஆர்.ஐ., 30 வயதிலிருந்து மமோகிராமும் சேர்த்து. மாதவிடாய் தொடங்கி 7ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் தெளிவாக வரும்.

உங்கள் விடயம்தான் அவசரம். பிஆர்சிஏ1இல் 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 44 சதவீதம். அதை முளையிலேயே பிடிக்கும் நம்பகமான ஸ்கானோ இரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். அந்த வயது உங்களுக்குக் கடந்திருந்தால் இந்த மாதமே மகப்பேற்று நிபுணரைப் பாருங்கள். எடுத்த குழாய்களை முழுதாக, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்கும்படி பரிந்துரையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆரம்ப நோய் பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் ஒளிந்திருக்கும்.